கோசி பே கரையோர லாட்ஜுக்குப் போய்ச் சேர்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கு மூலையில், மொசாம்பிக் எல்லையை ஒட்டி, மபுட்டாலாந்து என்று ஒரு கடற்கரை இருக்கிறது. காடு மூடிய மணல்மேடுகள், அவற்றுக்கு இந்தப் பக்கம் ஏரிகள், அந்தப் பக்கம் இந்தியப் பெருங்கடல். வேலைக்காக டர்பன் வந்த பிறகு பல முறை அங்கே போய் வந்துவிட்டேன். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் அடியில் உள்ள என் யோசனை ஒன்றுதான்: பயணத்தைக் கடைசி பத்து கிலோமீட்டரிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள். விமானம், கார், சாப்பாடு எல்லாம் அந்தப் பத்து கிலோமீட்டர் மணலுக்குக் கட்டுப்பட்டவை.

இந்த இடம் சரியாக எங்கே இருக்கிறது?

குவாசூலு-நட்டால் மாகாணத்தின் வட கோடியில். ஐசிமங்கலிசோ ஈரநிலப் பூங்காவின் வட முனைதான் கோசி பே. தெற்கே மபெலானேயில் தொடங்கி மொசாம்பிக் எல்லை வரை ஏறக்குறைய 220 கிலோமீட்டர் கடற்கரை இந்தப் பூங்காவுக்குள் வருகிறது. தென்னாப்பிரிக்காவில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக முதன்முதலில், 1999இல், அறிவிக்கப்பட்ட இடங்களில் இதுவும் ஒன்று. சூலு மொழியில் ஐசிமங்கலிசோ என்றால் அதிசயம்.

பெயரில் 'பே' இருந்தாலும் கோசி பே விரிகுடா கிடையாது. நான்கு ஏரிகள் சங்கிலி போல வாய்க்கால்களால் இணைந்து கடைசியில் கடலில் கலக்கும் இடம் அது. மகவுலானி, ம்புங்வினி, ந்ஹ்லாங்கே, அமன்ஸம்ன்யாமா என்பவை அந்த ஏரிகள். கடைசிப் பெயருக்குக் கருந்தண்ணீர் என்று பொருள். தேநீர் நிறத்தில்தான் இருக்கும் அந்தத் தண்ணீர்.

தெற்கே ப்ளாக் ராக், ராக்டெய்ல், மபிபி என்று கரையோரமாக இடங்கள் வரும். கடற்கரை லாட்ஜ்கள் இந்தத் துண்டில்தான் ஆங்காங்கே இருக்கின்றன. வழி எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. கடைசித் திருப்பம் மட்டும் மாறும்.

லாட்ஜ் என்றால் எப்படி இருக்கும்?

நம் ஊரில் லாட்ஜ் என்றதும் பஸ் ஸ்டாண்டு எதிரில் இருக்கும் மூன்று மாடிக் கட்டடம் நினைவுக்கு வரும். இங்கே அந்தச் சொல் காட்டுக்குள் இருக்கும் தங்குமிடத்தைக் குறிக்கிறது. மரங்களுக்கு நடுவே தனித்தனிக் குடில்கள், இடையில் பலகை நடைபாதை, ஒரு பொதுச் சாப்பாட்டுக் கூடம், அங்கிருந்து மணல்மேட்டைத் தாண்டிக் கடற்கரைக்கு இறங்கும் படிகள். பத்துப் பன்னிரண்டு குடில்களுக்கு மேல் இருப்பது அபூர்வம். பக்கத்தில் கடை கிடையாது. மபிபி மாதிரி இடங்களில் உள்ளூர் மக்களுக்கே பங்குள்ள லாட்ஜ்கள் இருக்கின்றன. முடிந்தால் அவற்றைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி, உங்களுக்கு வழிகாட்டி வந்த பையனின் ஊருக்கே போகும்.

சென்னையிலிருந்து எப்படி வருவது?

நேரடி விமானம் கிடையாது. துபாய், தோஹா, அடிஸ் அபாபா போன்ற ஏதாவது ஓர் ஊரில் மாற வேண்டும். டர்பனின் கிங் ஷாக்கா விமான நிலையத்தில் இறங்குவதுதான் வசதி. ஜோகன்னஸ்பர்க் வந்து உள்நாட்டு விமானத்தில் டர்பனுக்கோ ரிச்சர்ட்ஸ் பேக்கோ வரலாம். ரிச்சர்ட்ஸ் பேயில் இறங்கினால் சாலைப் பயணத்தில் இரண்டு மணி நேரம் போலக் குறையும். ஆனால் விமானங்களும் வாடகை வண்டிகளும் அங்கே குறைவு.

இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசாவை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். பாஸ்போர்ட்டில் இரண்டு பக்கங்களாவது காலியாக இருக்கட்டும். மொசாம்பிக் பக்கம் ஒரு நாள் எட்டிப் பார்க்கும் எண்ணம் இருந்தால், தென்னாப்பிரிக்க விசா பல முறை நுழைய அனுமதிப்பதுதானா என்று பாருங்கள். ஒருமுறை விசாவோடு எல்லையைத் தாண்டினால் திரும்பி வர முடியாது.

மஞ்சள் காய்ச்சல் ஊசி அவசியமா?

தென்னாப்பிரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. ஆனால் நீங்கள் வரும் வழியில் இருக்கலாம். அடிஸ் அபாபா, நைரோபி போன்ற இடங்களில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க நேர்ந்தால் தென்னாப்பிரிக்கக் குடிவரவில் சான்றிதழ் கேட்பார்கள். அந்த வழியாகவே ஊர் திரும்பினால் இந்தியாவிலும் கேட்கலாம். ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். துபாய் வழியாக வந்தால் இந்தக் கவலையே இல்லை.

டர்பனிலிருந்து எவ்வளவு தூரம்? எத்தனை மணி நேரம்?

கிங் ஷாக்கா விமான நிலையத்திலிருந்து மங்குஸி என்ற ஊருக்குச் சுமார் 400 கிலோமீட்டர். குவான்க்வனாசே என்பது அதன் இன்னொரு பெயர். பலகைகளில் இரண்டையும் பார்ப்பீர்கள். நின்று நின்று போனால் ஐந்திலிருந்து ஆறு மணி நேரம். ஊரிலிருந்து வருபவர்களுக்கு ஒரு நிம்மதி, இங்கேயும் வண்டி இடப்பக்கம்தான் ஓடும். ஸ்டியரிங் வலப்பக்கம்தான் இருக்கும்.

வழி சுலபம். விமான நிலையத்திலிருந்து என்2 நெடுஞ்சாலையில் வடக்கே போய்க்கொண்டே இருங்கள். ஷ்லூஷ்லுவே ஊரில் வலப்பக்கம் இறங்கி ஆர்22 சாலையைப் பிடித்தால் ம்பஸ்வானா வழியாக மங்குஸி. அதுவரை நல்ல தார் ரோடு. முன்பு இதன் பெரும்பகுதி மண் ரோடாக இருந்தது. 2000களின் தொடக்கத்தில்தான் தார் போட்டார்கள். பழைய பயணக் கட்டுரைகளில் 'ஒரு நாள் முழுக்க ஆகும்' என்று படித்திருந்தால் காரணம் இதுதான்.

என்2இல் முதல் ஒரு மணி நேரம் இரண்டு பக்கமும் கரும்பு. தொங்காட், ஸ்டாங்கர் என்று நம்மவர்கள் இன்றும் சொல்லும் ஊர்களைக் கடந்து போவீர்கள். இப்போது அவை ஓதொங்காத்தி, குவாடுகூசா. இந்தக் கரும்புக் காட்டில் வேலை செய்யத்தான் மதராஸிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி வந்த ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. நாயுடு, கவுண்டர், பிள்ளை, முதலி என்ற பெயர்கள் நைடூ, கோவெண்டர், பிள்ளே, மூட்லி ஆகிக் கடைப் பலகைகளில் நிற்கின்றன. வேகமாகக் கடந்து போக வேண்டாம் என்று தோன்றும் இடம். ஆனால் அதற்குத் திரும்பும் வழியில் நேரம் ஒதுக்குங்கள். போகும்போது வெளிச்சம் முக்கியம்.

வழியில் எங்கே நிறுத்துவது?

டோல் கேட்டுகள் என்2இல் மட்டும்தான். ஷ்லூஷ்லுவேயில் பெட்ரோல் போடுங்கள். இங்கே பங்கில் ஊழியரே நிரப்பி, கண்ணாடியையும் துடைத்துவிடுவார். சில ராண்டு கையில் கொடுப்பது வழக்கம். சாலையோரம் சின்னச் சின்ன அன்னாசிப் பழம் விற்பார்கள். ஷ்லூஷ்லுவே அன்னாசிக்குப் பேர் போன ஊர். தாண்டிப் போனால் ம்பஸ்வானாவிலும் மங்குஸியிலும் சந்தை உண்டு. அங்கே 'அமதும்பே' என்று குவித்து வைத்திருப்பதை எடுத்துப் பாருங்கள். அது நம் சேப்பங்கிழங்கேதான். முதல்முறை அதைப் பார்த்தபோது, விற்ற அம்மாளிடம் பேச மொழி இல்லாமல், உரித்து வேகவைத்துத் தாளிப்பதைக் கையாலேயே நடித்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டி, வெறும் உப்புப் போட்டு வேகவைத்தால் போதும் என்று அவர் பங்குக்கு நடித்துக் காட்டினார்.

ஏடிஎம், சூப்பர் மார்க்கெட், மருந்துக்கடை எல்லாவற்றுக்கும் கடைசி ஊர் மங்குஸி. அங்கே வாங்க மறந்ததைப் பிறகு எங்கேயும் வாங்க முடியாது.

உயரமான எஸ்யூவி எடுத்தால் போதாதா?

போதாது. இதற்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

முதல் பயணத்தில் ஒரு வாடகைக் கார் கம்பெனியில் 'மணலுக்குப் போகிறோம்' என்று சொல்லித்தான் வண்டி எடுத்தேன். பார்க்க உயரமாக, கம்பீரமாக ஒன்றைக் கொடுத்தார்கள். முன் சக்கரங்களுக்கு மட்டுமே இழுவை உள்ள வண்டி. அந்த வித்தியாசம் அன்று எனக்குத் தெரியாது. தார் ரோட்டை விட்டு மணல் தடத்தில் இறங்கிய முந்நூறாவது மீட்டரில் வண்டி நின்றது. ஆக்ஸிலேட்டரை அழுத்த அழுத்தச் சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டது. பத்து வினாடியில் வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டது. டிசம்பர் மாதம், மதியம் மூன்று மணி, பின்சீட்டில் அம்மா.

ஆகவே வண்டி எடுக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நான்கு சக்கரத்துக்கும் இழுவை உண்டா? லோ ரேஞ்ச் கியர், அதாவது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர், உண்டா? மணல் தடத்தில் ஓட்டினால் இன்ஷூரன்ஸ் செல்லுமா? மூன்றாவது கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். டயருக்குக் காற்றடிக்கும் சிறு கம்ப்ரெசர், காற்றழுத்த மானி, மண்வெட்டி மூன்றும் வண்டியில் இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

எனக்கு மணலில் ஓட்டிப் பழக்கமே இல்லை. லாட்ஜ் வண்டி வந்து கூட்டிப் போகுமா?

பெரும்பாலும் வரும். சாதாரணக் காரில் தார் ரோட்டு முடிவு வரை போய், காவல் உள்ள இடத்தில் காரை நிறுத்திவிட்டு, லாட்ஜின் திறந்த வண்டியில் ஏறிக்கொள்ளலாம். முதல்முறை போகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். பெரிய வண்டிக்குக் கொடுக்கும் கூடுதல் வாடகை மிச்சம். ஓட்டுநர் உள்ளூர்க்காரர் என்பதால் வழியில் எந்த மரத்தில் எந்தப் பறவை என்றும் சொல்லிக்கொண்டே வருவார்.

இரண்டு விஷயங்களை முன்பே பேசிவிடுங்கள். ஒன்று நேரம். வண்டி இத்தனை மணிக்கு என்று குறித்திருப்பார்கள். தவறவிட்டால் தனியாக ஒரு நடை வர வேண்டியிருக்கும், கட்டணம் கேட்பார்கள். இரண்டு சாமான். சக்கரம் வைத்த பெரிய பெட்டியை மணலில் இழுக்க முடியாது. துணிப்பை எடுத்து வாருங்கள்.

நானே ஓட்டுகிறேன். மணலில் எப்படி ஓட்டுவது?

தார் ரோடு முடியும் இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். முதல் வேலை டயரில் காற்றை இறக்குவது. வால்வு மூடியைக் கழற்றி, சாவி முனையால் நடுவில் உள்ள ஊசியை அழுத்தினால் சீறிக்கொண்டு காற்று வரும். அவ்வப்போது மானியை வைத்துப் பார்த்து, 32 பிஎஸ்ஐ இருந்தால் 17, 18க்குக் கொண்டு வாருங்கள். டயர் கொஞ்சம் சப்பையாகி, தரையில் பதியும் தடம் நீளும். குதிகால் உயர்ந்த செருப்போடு மணலில் நடப்பதற்கும் வெறுங்காலோடு நடப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. நான்கு டயருக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்தவர்கள்தான் வழியில் சிக்கி நிற்பார்கள்.

பிறகு நான்கு சக்கர இழுவையைப் போட்டு, ஒரே கியரில், ஒரே சீராகப் போங்கள். வேகம் வேண்டாம், நிற்காத ஓட்டம் வேண்டும். ஏற்றத்தின் நடுவில் கியர் மாற்றாதீர்கள். முன்னால் போன வண்டிகள் போட்ட இரட்டைத் தடத்திலேயே சக்கரம் போகட்டும். ஸ்டியரிங்கை இறுக்காமல், கட்டைவிரலை வளையத்துக்கு வெளியே வைத்துப் பிடியுங்கள். சக்கரம் வேரில் மோதினால் ஸ்டியரிங் சட்டென்று திரும்பும், விரல் சுளுக்கிக்கொள்ளும். நிற்க வேண்டுமானால் பிரேக்கை மிதிக்காமல் வண்டி தானே உருண்டு நிற்கட்டும். பிரேக் போட்டால் டயருக்கு முன்னால் மணல் குவிந்து, கிளம்பும்போது அதுவே தடையாகிவிடும்.

இரண்டு தடங்களுக்கு நடுவே மணலும் புல்லும் திட்டாக உயர்ந்திருக்கும். அதற்கு இங்கே ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் 'மிடல்மன்னிக்கி' என்று செல்லப் பெயர். நடுவில் நிற்கும் குட்டி மனிதன் என்று அர்த்தம். உயரம் குறைந்த கார்களின் வயிறு தட்டுவது இதில்தான்.

எதிரே வண்டி வந்தால், ஒதுங்க இடம் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அவர் ரிவர்ஸ் எடுப்பார். கையை உயர்த்தி நன்றி சொல்லாமல் கடந்து போகாதீர்கள்.

காலை மணலில் இரவின் ஈரம் இருக்கும், கொஞ்சம் கெட்டியாக இருக்கும். பிற்பகலில் அதே தடம் சர்க்கரை மாதிரி உதிரும்.

அப்படியும் சிக்கிக்கொண்டால்?

உடனே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். இறங்கி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மணலை அள்ளி எடுங்கள். டயரில் இன்னும் இரண்டு மூன்று பிஎஸ்ஐ இறக்குங்கள். வந்த தடத்திலேயே மெதுவாக ரிவர்ஸில் வெளியே வாருங்கள். முன்னால் போக முயல்வதைவிட இது சுலபம், ஏனென்றால் பின்னால் உள்ள மணலை நீங்களே அழுத்திவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள்.

அன்று எங்களுக்கு இது எதுவும் தெரியாது. மரத்தடியிலிருந்து ஒரு பெரியவரும் நான்கு பையன்களும் வந்தார்கள். பெரியவர் டயரை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார், சுள்ளி ஒன்றை ஒடித்து வால்வில் அழுத்தினார். பையன்கள் காய்ந்த பனையோலைகளை இழுத்து வந்து சக்கரத்துக்கு அடியில் திணித்தார்கள். அரை மணி நேரத்தில் வண்டி தார் ரோட்டில் இருந்தது. காரை அங்கேயே விட்டுவிட்டு லாட்ஜுக்குப் போன் செய்தோம்.

உதவிக்கு வருபவர்களிடம் முதலில் வணக்கம் சொல்லுங்கள். வயதில் மூத்த ஆண் என்றால் 'சவுபோனா, பாபா'. பெண் என்றால் 'சவுபோனா, மாமா'. பாபா என்றால் அப்பா, மாமா என்றால் அம்மா. நலம் விசாரிக்காமல் நேரே விஷயத்துக்குப் போவது நம் கிராமங்களில் எப்படி இருக்குமோ அப்படித்தான் இங்கேயும். வேலை முடிந்ததும் 'ங்கியாபோங்கா' என்று நன்றி சொல்லி, பணமும் கொடுங்கள். வெயிலில் மண் அள்ளியது உழைப்பு.

கூகுள் மேப் வழி காட்டாதா?

மங்குஸி வரை காட்டும். அதன் பிறகு நம்பாதீர்கள். மணல் தடங்கள் இடம் மாறும். மரம் விழுந்தாலோ புது வீடு வந்தாலோ பக்கத்தில் புதிதாக ஒன்று பிறக்கும். செயலி குறுக்குவழி என்று யாரோ ஒருவர் வீட்டு முற்றத்தில் கொண்டுபோய் விட்ட அனுபவம் எனக்கு உண்டு. லாட்ஜ் அனுப்பும் வழிக் குறிப்பைக் காகிதத்தில் அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும்.

கடற்கரை ஓரமாகவே ஓட்டிப் போகலாமே? வீடியோவில் பார்த்தேன்.

அது பழைய வீடியோ, அல்லது வேறு நாடு. தென்னாப்பிரிக்கக் கடற்கரையில் வண்டி ஓட்டுவதைத் தடை செய்யும் விதிகள் 2001 டிசம்பரில் வந்தன. மீறினால் அபராதம்.

இந்த விதி எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. இந்தக் கரையில்தான் தோணியாமையும் பெருந்தலை ஆமையும் ஏறி முட்டையிடுகின்றன. நவம்பர் முதல் ஜனவரி வரை இரவில் தாய் ஆமைகள் வரும். ஜனவரிக்குப் பிறகு குஞ்சுகள் கிளம்பும். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தக் குஞ்சுக்கு ஒரு டயர் தடம் என்றால் இரண்டு பக்கமும் சுவர் வைத்த வாய்க்கால். அதற்குள் விழுந்தால் ஏற முடியாமல் தடத்தோடே ஓடிக்கொண்டிருக்கும். விடிந்ததும் நண்டுக்கும் பறவைக்கும் இரையாகும். 1963 முதல் இங்கே ஆமைகளைக் கணக்கெடுத்துக் காத்து வருகிறார்கள். இரவில் கரையில் நடந்து கண்காணிப்பவர்களில் பலர் உள்ளூர் மக்கள்.

ஆமை பார்க்க வேண்டுமானால் அனுமதி பெற்ற வழிகாட்டியோடு மட்டும் போங்கள். ஒரு தடவை பார்த்தேன். தோணியாமை ஒன்று பின்துடுப்பை ஒரு கரண்டி போல வளைத்து, கையளவு மணலை எடுத்து, சிந்தாமல் பக்கத்தில் வைத்தது. பிறகு அடுத்த துடுப்பு. குழி ஆழமாகும் வரை இடம், வலம் என்று மாறி மாறி. நாங்கள் ஆறு பேர் பின்னால் மண்டியிட்டிருந்தோம். அதன் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. போன் வெளிச்சம்கூடக் கூடாது.

சாயங்காலம் கிளம்பி இரவில் போய்ச் சேரலாமா?

கூடாது. ஆர்22இல் மாடுகள் சாலையிலேயே நிற்கும். வெயிலில் சூடேறிய தார் அவற்றுக்குப் படுக்கை. ஆட்களும் சாலையோரம் நடந்து போவார்கள், விளக்குக் கம்பம் கிடையாது. இந்தப் பகுதி நாட்டின் கிழக்குக் கோடி என்பதால் சீக்கிரம் இருட்டிவிடும். ஜூனில் ஐந்து மணிக்கே சூரியன் போய்விடும், டிசம்பரில்கூட ஏழு மணிக்கு முன்பே. மதியம் இரண்டு மணிக்குள் மங்குஸியில் இருப்பது போலக் கணக்குப் போடுங்கள். டர்பனில் காலை எட்டு மணிக்கு மேல் விமானம் இறங்கினால் அன்று டர்பனிலோ ஷ்லூஷ்லுவேயிலோ தங்கிவிடுங்கள்.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நேரே காரில் வரலாமா?

வரலாம். பொங்கோலா, ஜோஸினி வழி. ஒரு முழு நாள் போய்விடும்.

பஸ்ஸில்?

டர்பனிலிருந்து மங்குஸிக்கு மினிபஸ் டாக்ஸிகள் ஓடுகின்றன. ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். மங்குஸியிலிருந்து உள்ளே போக, பின்புறம் ஆட்களை ஏற்றிக்கொள்ளும் பிக்-அப் வண்டிகள் உண்டு; 'பக்கி' என்பார்கள். செலவு மிகக் குறைவு, நேரம் நிச்சயமில்லை. லாட்ஜ் வண்டியை மங்குஸியிலேயே வந்து ஏற்றிக்கொள்ளச் சொல்ல முடிந்தால் இதுவும் நல்ல வழிதான்.

கோசி மவுத்துக்குப் போக அனுமதி வேண்டுமாமே?

ஆமாம். ஏரித் தண்ணீர் கடலில் கலக்கும் அந்த இடத்துக்கு ஒரு நாளுக்கு இத்தனை வண்டி என்று வரம்பு உண்டு. லாட்ஜிடம் முந்தைய நாளே சொல்லி வைத்தால் ஏற்பாடு செய்வார்கள். நான்கு சக்கர இழுவை இல்லாமல் போக முடியாது.

மேட்டின் மேல் நின்று பார்த்தால் முதலில் கண்ணில் படுவது மீன்பொறிகள். ஆழமில்லாத தண்ணீரில், மேலிருந்து பார்க்கக் கோலம் போட்டது மாதிரி வளைந்து வளைந்து போகும் குச்சி வேலிகள். கிட்டே போய்ப் பார்த்தால் விரல் தடிமனுள்ள ஆயிரக்கணக்கான குச்சிகளைக் கொடியால் கட்டி நட்டிருக்கிறார்கள். ஏரியிலிருந்து கடலுக்குத் திரும்பும் மீன் வேலியை ஒட்டியே நீந்தி, முனையில் உள்ள சின்ன வட்டத்துக்குள் நுழையும். வாசலில் குச்சிகள் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால் உள்ளே போக முடியும், வெளியே வர முடியாது. தண்ணீர் வற்றும் நேரத்தில் வேலிக்காரர் ஈட்டியோடு இறங்கி எடுத்துக்கொள்வார். குச்சிகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் குஞ்சு மீன் தப்பிவிடும். தெம்பே-தொங்கா மக்கள் பல நூற்றாண்டுகளாக இப்படி மீன் பிடிக்கிறார்கள். ஒவ்வொரு பொறியும் ஒரு குடும்பத்தின் சொத்து. அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும். தயவுசெய்து வேலியின் மேல் சாயவோ ஏறவோ வேண்டாம்.

அங்கே நீந்தலாம், மூச்சுக்குழாய் மாட்டி மீன் பார்க்கலாம். தண்ணீருக்கு ஏற்ற ஷூ கட்டாயம். கல்மீனின் முள்ளில் விஷம் உண்டு, அது கல்லைப் போலவே கிடக்கும். உள் ஏரிகளில் நீர்யானையும் முதலையும் இருக்கின்றன. வழிகாட்டி இறங்கலாம் என்று சொல்லும் இடத்தில் மட்டும் இறங்குங்கள்.

மலேரியா பயம் உண்டா?

உண்டு, ஆனால் முன்பைப் போல இல்லை. 1999இல் தென்னாப்பிரிக்கா, மொசாம்பிக், அப்போது ஸ்வாசிலாந்து என்றிருந்த நாடு மூன்றும் சேர்ந்து, எல்லை பார்க்காமல் வீட்டுச் சுவர்களில் மருந்தடிக்கும் வேலையைத் தொடங்கின. கொசுவுக்குப் பாஸ்போர்ட் இல்லை என்பதால் மூன்று நாடும் சேர்ந்தால்தான் பலன். அதன் பிறகு இந்தப் பகுதியில் நோய் வெகுவாகக் குறைந்தது. செப்டம்பர் முதல் மே வரையிலான மாதங்களில் கவனம் தேவை. மாத்திரை வேண்டுமா என்று புறப்படும் முன் மருத்துவரைக் கேளுங்கள். சாயங்காலம் முழுக்கை, கொசு மருந்து, இரவில் வலை. ஊர் திரும்பிய பிறகு சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், எங்கே போய் வந்தீர்கள் என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மங்குஸியில் அரசு மருத்துவமனை இருக்கிறது.

எந்த மாதம் நல்லது?

ஆமைக்கு டிசம்பர், ஜனவரி. வெயிலும் மழையும் புழுக்கமும் சேர்ந்தே வரும். இதமான வெயிலுக்கும் கடலில் போகும் கூன்முதுகுத் திமிங்கிலங்களுக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. தென்னாப்பிரிக்கப் பள்ளி விடுமுறைகளில் இடம் கிடைப்பது கஷ்டம்.

நாங்கள் சைவம். சாப்பாடு?

பதிவு செய்யும்போதே எழுதுங்கள், முதல் நாள் மறுபடி நினைவூட்டுங்கள். மீனையும் முட்டையையும் சைவத்தில் சேர்ப்பவர்கள் உண்டு, ஆகவே பெயர் சொல்லி விலக்குங்கள். டர்பனில் விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் மசாலாப் பொடி, ஊறுகாய் எல்லாம் கிடைக்கும். ஒரு சின்ன டப்பா ஊறுகாய் மூன்று நாளைக்குப் போதும்.

உள்ளூரில் 'உபுசூலு' என்று ஒரு கள் கிடைக்கும். இலாலா என்ற குட்டைப் பனையிலிருந்து இறக்குவது. மரம் ஏற வேண்டியதில்லை, இடுப்பளவு உயரத்திலேயே சீவி எடுக்கிறார்கள். அதே பனையின் ஓலையில்தான் இந்தப் பக்கத்துக் கூடைகளும்.

வயதான அம்மா அப்பாவை அழைத்து வரலாமா?

நான் என் அம்மாவை அழைத்துப் போனேன். வண்டி குலுங்கும், ஆகவே முதுகுவலி உள்ளவர்களை முன்சீட்டில் உட்கார வையுங்கள். கடற்கரைக்கு எத்தனை படி என்று லாட்ஜிடம் கேளுங்கள். சில இடங்களில் நூற்றுக்கும் மேல். கீழ்ப்படியை ஒட்டிய குடிலாகக் கேட்டு வாங்கினால் ஒரு நாளைக்கு ஒருமுறை ஏறி இறங்கினால் போதும்.

மொசாம்பிக் எவ்வளவு தூரம்?

மங்குஸியிலிருந்து எல்லைச் சாவடிக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. சாவடி பகலில் மட்டும்தான் திறந்திருக்கும். 2018 நவம்பரில் மபுட்டோ-கட்டெம்பே தொங்குபாலம் திறந்த பிறகு அங்கிருந்து மொசாம்பிக் தலைநகர் மபுட்டோ வரை நல்ல சாலை. வாடகை வண்டி என்றால் எல்லை தாண்ட அனுமதிக் கடிதம் வேண்டும். மொசாம்பிக் விசா தனி.

திரும்பும்போது கவனிக்க வேண்டியது?

அதிகாலையில், மணல் ஈரமாக இருக்கும்போதே கிளம்புங்கள். தார் ரோட்டில் ஏறியதும் முதல் வேலை டயருக்குக் காற்று. சப்பை டயரோடு நூறு கிலோமீட்டர் வேகத்தில் போனால் டயர் சூடாகி வெடிக்கும். கம்ப்ரெசர் இல்லாவிட்டால் மங்குஸி பெட்ரோல் பங்க் வரை நாற்பதைத் தாண்டாமல் ஓட்டுங்கள். அங்கே நான்கு டயரும் பழையபடி 32க்கு வந்ததை மானியில் பார்த்துவிட்டு, உப்பும் மணலும் போக வண்டியின் அடிப்பக்கத்தில் தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள்.